பொறுமையை யாருக்குச் சொல்வது?

"இதெல்லாம் ஒரு சத்தமா? கொஞ்சம் பொறுத்துக்கோ." சத்தத்தைத் தாங்க முடியாதவர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. நானும் அந்த ரகம்தான். செலாயாங்கில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். மேல் வீட்டில் நாற்காலி இழுத்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். பக்கத்து வீட்டில் பாட்டு ஓடினால் பாட்டு கேட்காது. 'டும் டும்' மட்டும் சுவரைத் தாண்டி வந்து தூக்கத்தைக் கெடுக்கும்.

நம் தர்மம் பொறுமையையும் போற்றுகிறது, அஹிம்சையையும் போற்றுகிறது. அப்படியென்றால் கேட்பவன் பொறுத்துக்கொள்வதா, எழுப்புபவன் குறைத்துக்கொள்வதா?

முதலில், இது வீம்பு இல்லை என்பதைப் புரிந்துகொள்வோம். கண்ணுக்கு இமை உண்டு, காதுக்குக் கிடையாது. தூங்கும்போதும் அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சாதாரண சத்தமே சிலருக்கு வலிக்கும். அதை ஹைபர்அக்யூசிஸ் என்கிறார்கள். சில குறிப்பிட்ட சத்தங்களைக் கேட்டாலே கோபம் பொங்குவது மிசோஃபோனியா. 2001-இல்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டி, நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நாம் சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60 டெசிபல்.

பொறுமை என்றதும் நினைவுக்கு வருவது கீதையின் 2-ஆம் அத்தியாயம். குளிரும் வெப்பமும், சுகமும் துக்கமும் வந்து போகும், தாங்கிக்கொள் என்கிறான் கண்ணன். அதற்குத் திதிக்ஷை என்று பெயர். அது தன்னை நாடி நின்ற அர்ஜுனனுக்கு, அவனுடைய மன உறுதிக்காகச் சொன்னது. ஸ்பீக்கரை முறுக்கி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் "பொறுத்துக்கோ" என்பது அதே உபதேசம் ஆகாது. நான் விரதம் இருக்கலாம். அடுத்தவர் தட்டைப் பிடுங்கி அவரை விரதம் இருக்க வைக்க முடியாது.

சென்னையில் ஒரு குடியிருப்போர் சங்கம், பக்கத்தில் இருந்த தேவாலயத்தின் ஒலிபெருக்கி, மேளச் சத்தம் பற்றி வழக்குப் போட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30-இல் தீர்ப்புச் சொன்னது: ஒலிபெருக்கியாலோ மேளத்தாலோ மற்றவர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. அது தேவாலய வழக்குதானே என்று நாம் கைதட்டிவிட்டுப் போக முடியாது. எந்த மதமும் என்றால் அதில் நம் உறுமி மேளமும் அடக்கம்.

"நம்ம மேளத்தை மட்டும் ஏன் குறை சொல்றாங்க?" என்று நம் பையன்கள் கேட்பதுண்டு. அந்த ஆதங்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பது யார்? இரவு வேலை முடித்து வந்தவராக இருக்கலாம், எஸ்பிஎம் எழுதப் போகும் தங்கையாக இருக்கலாம், உடம்பு முடியாத பாட்டியாக இருக்கலாம். அவர் எந்த இனம் என்று சத்தம் பார்ப்பதில்லை.

அப்படியென்றால் மேளமே வேண்டாமா? வேண்டும். பத்துமலைத் தைப்பூசத்தில் உறுமி என் காதையே அடைக்கும். ஆனாலும் போகிறேன். எந்த நாள் என்று தெரியும், மனம் தயாராக இருக்கும், முடியாவிட்டால் விலகி நிற்கலாம். அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இதை ஆராய்ந்து 1972-இல் நூலாக வெளியிட்டார்கள். கடும் இரைச்சலில் உட்கார வைக்கப்பட்டவர்களில் சிலருக்கு மட்டும், தேவைப்பட்டால் நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தான் கொடுத்தார்கள். பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை. ஆனால் பிறகு கொடுத்த வேலையை, பொத்தான் இல்லாதவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்தார்கள். வாட்டுவது சத்தம் மட்டுமில்லை; நம் கையில் எதுவும் இல்லை என்ற நினைப்பும்தான்.

வீட்டில் விசேஷம் என்றால் முந்தின நாளே பக்கத்துக் கதவுகளைத் தட்டி, "ஆண்ட்டி, நாளைக்குப் பிறந்தநாள், பத்து மணிக்கு முடிச்சிடுவோம், சத்தம் அதிகமா இருந்தா போன் பண்ணுங்க" என்று சொல்வது அந்தப் பொத்தானை அவர் கையில் கொடுப்பதுதான். சொன்னபடி பத்து மணிக்கு நிறுத்தவும் வேண்டும்.

என்னைப் போன்றவர்களுக்கும் கடமை உண்டு. அஹிம்சை எங்களையும் கட்டுப்படுத்தும். துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பதும், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் திட்டுவதும் தீர்வாகாது. கோபம் தணிந்த பிறகு, பகலில் போய்ப் பேச வேண்டும். "ஒரே சத்தமா இருக்கு" என்றால் யாருக்கும் புரியாது. "அண்ணே, ராத்திரி பத்துக்கு மேல பேஸ கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா?" என்றால் புரியும். நாற்காலிக் கால்களுக்கு நாமே ரப்பர் மூடி வாங்கிக் கொடுக்கலாம். நாள் முழுக்கக் காதை அடைத்து வைத்தால் கூச்சம் இன்னும் கூடும். மின்விசிறியின் சீரான ஓசை நல்லது. எதுவும் பலிக்காவிட்டால் குடியிருப்பு நிர்வாகத்திடம் புகார் செய்வதில் தவறில்லை. அமைதியைக் கேட்பது பொறுமையின்மை ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் சில சத்தம் மிஞ்சும். மேல் வீட்டுக் குழந்தை ஓடும். கைக்குழந்தை நடுராத்திரி அழும். யாராலும் குறைக்க முடியாத அந்தச் சத்தத்துக்குத்தான் நான் திதிக்ஷையை வைத்திருக்கிறேன். அதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். குறைக்க முடிந்த சத்தத்துக்கு, தம்பி தங்கைகளே, குமிழ் உங்கள் கையில் இருக்கிறது.