மூன்றாவது பழம்

அளிந்துபோன வாழைப்பழத்தை வீணாக்காமல் தீர்ப்பதற்கென்றே அமெரிக்க வீடுகளில் நிலைபெற்ற பண்டங்களுள், ஆழமில்லாத நீள்சதுரத் தட்டில் மாவுக்கலவையை ஊற்றி ஓவனில் சுட்டு, ஆறியபின் கிரீம் சீஸ் பூசித் துண்டுகளாக வெட்டப்படும் 'வாழைப்பழ பார்' ஒன்றாகும். தோல் கறுத்து, உரித்துண்ண எவரும் விரும்பாத பழமே இதற்கு உகந்தது. ஏனெனில், காயின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் மாவுச்சத்து, நொதிகளால், அதாவது உயிரணுக்களில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களால், நாள்தோறும் சர்க்கரையாக மாறி, முற்றக் கனிந்த நிலையில் மிகச் சிறிதளவே எஞ்சுகிறது.

இப்பண்டம் சிக்கனத்தின் விளைவு என்ற எண்ணத்தை ஐயுறவைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அத்தகைய வீடொன்றில் இரண்டு பழங்கள் கறுத்துக் கிடந்தன. செய்முறையோ மூன்று கேட்டது. ஆகவே மூன்றாவது பழம் கடையில் வாங்கப்பட்டது. அதன் காம்பில் இன்னும் பச்சை மாறாதிருந்தமையால், தோலோடு ஓவனில் வைத்துக் கறுக்கவும் செய்தார்கள். அங்கே விருந்தினராக இருந்த, காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அந்த மூன்றாவது பழம் மனத்தைவிட்டு அகலவில்லை. வெப்பம் தோலைக் கறுப்பாக்கும், சதையைக் குழைக்கும். ஆனால் மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாவதற்கு வேண்டிய நாள்களை அதனால் ஈடுசெய்ய இயலாது. முதுமையின் நிறம் மட்டும் ஏறிய அப்பழத்தின் இனிப்புக் குறையை, கலவையில் கொட்டப்பட்ட ஒரு கோப்பைக்கும் மேற்பட்ட சர்க்கரை மறைத்துவிட்டது.

எப்போதோ படித்ததாக அவர் நினைவிலிருந்த செய்தி ஒன்று, வாழைப்பழ ரொட்டி அமெரிக்கச் சமையல் நூல்களில் பரவலானது 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் என்பது. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைக்கக் காத்திராமல், புளிப்புப் பொருளோடு சேர்ந்து கரியமில வாயுவை எழுப்பி மாவை உப்பச்செய்யும் சமையல் சோடாவும் அப்போது எளிதில் கிடைத்தது. வறுமை பிறப்பித்த பண்டம் என்று இதனை எண்ணுவது மனத்துக்கு இதமானதே. எனினும் சோடாவையும் மாவையும் விற்றவர்களுக்கும் அதில் ஆதாயம் இருந்தது என்பதை ஒதுக்கிவிட முடியாது.

அவருடைய இளமைக்கால வீட்டில் பூவன் தாரொன்று உத்தரத்தில் தொங்கும். பழுக்கும் காய் வெளிவிடும் எத்திலீன் என்னும் வாயு பக்கத்துக் காயையும் பழுக்கத் தூண்டுவதால், தார் சில நாள்களுக்குள் ஒருசேரக் கனிந்துவிடும். அண்டைவீடுகளுக்குச் சீப்பு சீப்பாகக் கொடுத்தும் எஞ்சியவை கோதுமை மாவோடும் வெல்லத்தோடும் பிசையப்பட்டு அப்பமாகும், தோல் மாட்டுக்குப் போகும். அங்கும் பழத்தின் மதிப்பைக் காட்டிலும் வெல்லத்துக்கும் எண்ணெய்க்கும் ஆன செலவே மிகுதி என்பது பின்னாளில்தான் அவருக்கு உறைத்தது. எனவே அமெரிக்கச் சமையலறையை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. வேறுபாடு ஒன்றே: அவர் வீட்டில் கிடைத்த பழத்துக்கு ஏற்ப மாவு அள்ளப்பட்டது, அமெரிக்க வீட்டில் மாவின் அளவுக்குப் பழம் தேடப்பட்டது. ஓவனில் சுடும் பண்டத்துக்கு அளவு பிசகக் கூடாது என்பது உண்மைதான். ஆயினும், இரண்டு பழங்களோடு, கலவையில் சேரும் புளித்த கிரீமைச் சற்றுக் கூட்டியிருந்தாலும் தட்டு பாழாகியிராது.

மறுபுறம், அமெரிக்கக் கடைகளில் மிக மலிவான பழங்களுள் ஒன்றான வாழைப்பழத்தில் ஒன்றை வாங்கியதால் இரண்டு குப்பைக்குப் போகாமல் தப்பின என்றும், அந்தத் தட்டால் அன்று மாலை ஒரு வீடு நிறையப் பேர் கூடி உண்டனர் என்றும் வாதிடலாம். அவ்வாதத்தை மறுக்க அவரிடம் வலுவான சான்று இல்லை. அவ்வீட்டார் பழத்தைக் காக்க இனிப்புச் செய்தார்களா, இனிப்புண்ணப் பழத்தைச் சாக்காக்கினார்களா என்பது, கேட்டிருந்தால் அவர்களுக்கே விளங்கியிருக்குமா என்பதும் ஐயமே. தம் வீட்டு அப்பத்தைப் பற்றி அதே கேள்வியை எழுப்பியபோதும் அவருக்கு விடை கிட்டவில்லை.