மண்ணில் கலந்த வினை

5 மில்லிமீட்டருக்கும் குறைவான நெகிழித் துண்டுகளும் இழைகளும் நுண்நெகிழி எனப்படுகின்றன. ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் கடற்கரை மணலை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இச்சொல் பரவியது. அறிவியலாரின் பார்வை நிலத்து மண்ணின்பால் திரும்ப மேலும் சில ஆண்டுகள் ஆயின. சென்னைக்குத் தெற்கே, ஏரிப் பாசன வயல்களாக இருந்து வீட்டுமனைகளாகிவிட்ட புறநகர் நிலங்களில், ஜி.எஸ்.டி. சாலையில் தேயும் டயரின் தூளும், செயற்கை இழைத் துணிகளைத் துவைத்த நீரும், காலி மனையில் எரிக்கப்படும் குப்பையும், வெயிலில் நைந்து உதிரும் தார்ப்பாயும் பிளெக்ஸ் பதாகையும் இத்துகள்களை மண்ணில் சேர்க்கின்றன. மண்ணைக் கெடுக்க வேண்டும் என்று எண்ணி இவற்றை எவரும் செய்வதில்லை. எண்ணாமல் விளைந்த தீங்கு செய்தவரைச் சேருமா என்னும் பழைய சமய வினாவை இந்த மண் மீண்டும் எழுப்புகிறது.

பௌத்தரும் சமணரும் இவ்வினாவில் நெடுங்காலம் முரண்பட்டு நின்றனர். பாலி மொழிப் பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தம் என்னும் பகுதி, மகாவீரரின் இல்லற மாணவரான உபாலி நாளந்தாவில் புத்தரோடு வாதிட்டதைக் கூறுகிறது. தீவினைகளுள் உடலால் செய்வதே கொடியது என்று உபாலியும், மனத்தால் செய்வதே கொடியது என்று புத்தரும் வாதிடுகின்றனர். வினைக்கு வேர் எண்ணமே என்பது பௌத்தரின் துணிபு. தமிழில் நீலகேசி என்னும் சமண நூல், கொல்லாதவன் ஊன் உண்ணலாம் என்னும் பௌத்தர் கொள்கையை மறுக்கும்போது இந்த வழக்கையே தொடர்கிறது. எண்ணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், புறநகர் மண்ணைக் கெடுத்தவர் என்று சுட்டுவதற்கு ஒருவரும் கிடைக்கமாட்டார். அந்த அளவுகோல் இங்கே போதவில்லை.

சமணத்தின் விடை இதைவிட நுட்பமானது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கொலையை வரையறுக்கும்போது பகையையோ வெறுப்பையோ குறிப்பிடாமல், பிரமாதம், அதாவது கவனமின்மை, காரணமாக உயிரைப் பிரிப்பதையே கொலை என்கிறது. இவ்வரையறையிலிருந்து கிளைத்த ஒழுக்கங்களுள் துறவிக்குரிய ஐந்து சமிதிகள், அதாவது விழிப்போடு செயற்படும் முறைகள், குறிப்பிடத்தக்கவை. அவற்றுள் ஐந்தாவதான உத்சர்க்க சமிதி, உடற்கழிவையும் வேண்டாத பொருளையும் உயிரில்லாத இடம் பார்த்தே விட வேண்டும் என விதிக்கிறது. உண்பதையும் நடப்பதையும் நெறிப்படுத்திய சமயங்கள் பல உண்டு. எறிவதையும் தவத்தின் பகுதியாக்கி, கைவிட்ட பொருளுக்கும் கைவிட்டவருக்கும் இடையிலான உறவு அறுபடுவதில்லை என்று கண்டது சமணத்தின் பெருமை. மேலும் அது மண்ணையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டென்றும், புழு தொடுதலும் சுவைத்தலும் உடைய ஈரறிவுயிர் என்றும் கொள்கிறது.

2016இல் வெளியான ஆய்வொன்றில், சருகோடு பாலிஎத்திலீன் துகள்களைக் கலந்து மண்புழுக்களுக்குக் கொடுத்தபோது, துகளின் விகிதம் மிக உயர்ந்த நிலையில் அவற்றின் வளர்ச்சி குன்றியது, இறப்பும் கூடியது. அந்த அளவு சாதாரண நிலத்தில் காணப்படுவதைவிட மிக அதிகம் என்பதையும் மறைக்கலாகாது. ஆகவே ஒருவர் எரித்த ஒரு பையால் புழு இறந்தது என்று எவராலும் காட்ட முடியாது. தனித்தனியே உணர முடியாத அளவுக்குச் சிறிய செயல்களும், ஒன்றுசேர்ந்து பெருந்தீங்கு விளைக்குமானால், ஒவ்வொன்றும் குற்றமாகலாம் என்று மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984இல் வாதிட்டது இத்தகைய நிலைக்குப் பொருந்துகிறது.

சிலவகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. சட்டம் தேவைதான், ஆனால் அது அப்பொருள்களைத் தடுக்குமேயன்றி, டயர்த் தூளுக்கும் துணி இழைக்கும் அதனிடம் விடையில்லை. மண்ணில் கலந்துவிட்ட நுண்நெகிழியைப் பரந்த நிலத்திலிருந்து பிரித்தெடுக்க நடைமுறைக்கு உகந்த வழியும் இன்று இல்லை. செய்தபின் வருந்திக் கழுவாய் தேடும் வழி இதனால் அடைபடுகிறது. அறம் நிற்க எஞ்சிய இடம் எறிவதற்கு முந்தைய கணமே. அறியாமல் செய்தோம் என்று இனிக் கூறுவது, தெரிந்துகொள்ள இருபது ஆண்டுகள் வாய்த்த ஒரு தலைமுறைக்குப் பொருந்தாது.