எந்த விடியல்?

சூரியன் உதிக்க முன் எழும்ப வேண்டும் என்பதை நாவலரின் சைவ வினாவிடையில் பாடமாக்கியவர்கள் நாங்கள். ஒஸ்லோவில் டிசெம்பர் மாதத்துச் சூரியன் 9 மணி தாண்டியே வருகிறது. எட்டரைக்கு எழும்பும் சோம்பேறியும் இங்கே ஆசாரசீலன். யூனில் 4 மணிக்கு முன்னரே விடிந்துவிடும். றெஸ்ரோரண்டில் சட்டி கழுவிவிட்டு அந்நேரம் படுக்கப்போகும் நாங்கள் ஒழுக்கம் கெட்டவர்களா? நாவலர் யாழ்ப்பாணத்துச் சூரியனை நம்பி எழுதினார், அதில் பிழையில்லை.

நாளின் முதற்பொழுதைத் தேவைகளிடம் கொடுத்துவிடாதே என்றுதான் அந்த நியமம் கேட்பதாக எங்களுக்குப் படுகிறது. பதினொரு மணிக்குக் கண் விழித்தால் வாடகை, ஊருக்கு அனுப்பும் காசு, அன்றைய வேலைநேரம் எல்லாம் கட்டிலடியில் நிற்கின்றன. தேத்தண்ணி ஆறும்வரை அவற்றைக் காக்கவைத்துவிட்டு யன்னலடியில் சும்மா இருக்கிறோம். அது வழிபாடா, வெறும் அலுப்பா? சரியாகச் சொல்ல முடியவில்லை. சில நாட்களில் தேத்தண்ணி ஆற முன்னரே தொலைபேசி அடிக்கிறது: வேலைக்கு ஆள் குறைவாம்.