பேயா, பேராசையா?

பேய் இல்லை என்போர் நாம். இருட்டில் அசையும் கிளையைக் கண்டு அலறுவோன் முன் விளக்கை ஏற்றி, "கிளையப்பா, வெறுங்கிளை!" என்று காட்டுவதே நம் வேலை. அத்தகைய நாம், பேய்ப்படம் ஒன்றைப் பற்றி, அதிலும் பேயும் சிரிப்பும் கலந்த குறும்படத்தைப் பற்றி, ஏடு நிறைய எழுதலாமா? எழுதலாம், எழுதத்தான் வேண்டும். சில வேளைகளில், விளக்கு வைத்திருப்போர் மறைத்ததைப் பேய் காட்டிவிடுகிறது!

அமெரிக்க நாட்டிலே, கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த தெருக்களில், இளைஞர் சிலர் படக்கருவியைத் தோளில் ஏற்றிப் புறப்படுகின்றனர். பெரும் பட நிறுவனம் பின்னே இல்லை. நண்பரிடம் கடன், ஊராரிடம் நன்கொடை, பாட்டி குடியிருக்கும் வீடே படப்பிடிப்பு நிலையம். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும் படம். கதை என்ன? தெரு மாறுகிறது. பழையவர் ஒவ்வொருவராக மறைகின்றனர். நேற்றுவரை முடிதிருத்தகம் இருந்த இடத்தில் இன்று விலையுயர்ந்த காப்பிக் கடை! மறைந்தவர் எங்கே என்று கேட்கிறான் இளைஞன். பதில் சொல்வார் இல்லை. அவன் நடுங்குகிறான், பார்ப்போர் சிரிக்கின்றனர்.

அங்கேதான் எழுகிறது கேள்வி. வீடிழந்தவர் கண்ணீரை வேடிக்கை ஆக்குவது அறமா? இல்லாத பேயைக் காட்டி இருக்கும் துன்பத்தை உரைப்பது நேர்மையா? எடுப்பவருக்கு அந்தத் தெருவின் மீது என்ன உரிமை? இம்மூன்றையும் எண்ணிப் பார்ப்போம். அதற்கு முன், அந்தத் தெருவில் நடந்தது என்ன என்பதை அறிவோம். நோயறியாமல் மருந்து பேசுவது நமக்கு வழக்கமில்லை.

1933ஆம் ஆண்டு, வீட்டுடைமையாளர் கடன் கழகம் என்றொரு அமைப்பை அமெரிக்க அரசு நிறுவிற்று. 1935 முதல் 1940 வரை அக்கழகம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் படம் வரைந்தது. சிறந்த பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், மூன்றாம் தரத்துக்கு மஞ்சள், கடைசிக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களுக்குப் பெரும்பாலும் எந்த நிறம் கிடைத்தது என்று சொல்லவும் வேண்டுமோ? சிவப்பு! 1934இல் தோன்றிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வீட்டுக் கடனுக்கு அரசே பொறுப்பேற்கும் திட்டத்தை நடத்தியது. வெள்ளையர் புறநகர்களில் வீடுகள் பெருகின. கறுப்பின மக்களின் தெருக்களுக்கோ அந்தப் பொறுப்பு மறுக்கப்பட்டது. கடனில்லை, கடனில்லாததால் செப்பனிட வழியில்லை, செப்பனிடாததால் மதிப்பில்லை, மதிப்பில்லாததால் கடனில்லை! வீட்டுவசதியில் வேற்றுமை பாராட்டுதல் குற்றம் என்ற சட்டம் வந்தது 1968இல். அதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

பிறகு காட்சி மாறிற்று. வேண்டாம் என்று ஒதுக்கிய இடமே வேண்டுமென்றாயிற்று. இலண்டன் மாநகரின் உழைப்பாளர் தெருக்களில் வசதி படைத்தோர் புகுவதைக் கண்டு, 1964இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியல் அறிஞர் அதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயரிட்டார். கனவான்மயமாதல் எனலாம் நாம். நீல் ஸ்மித் என்ற புவியியல் அறிஞர் 1979இல் அதன் கணக்கை விளக்கினார். ஓர் இடம் இன்று தரும் வாடகை சிறிது; அதே இடம், இடித்துக் கட்டினால் தரக்கூடிய வாடகை பெரிது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி அகன்றதும் முதல் பாய்கிறது. இடைவெளியை உண்டாக்கியது எது? புறக்கணிப்பு! புறக்கணித்ததால் விலை வீழ்ந்தது. வீழ்ந்ததால் வாங்குவோருக்கு இலாபம். அடித்து வீழ்த்தியவனே வந்து, "கீழே கிடக்கிறதே, எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்பது போன்ற கதை.

விலை ஏறினால் வீட்டுக்காரருக்கு நன்மைதானே என்பார் சிலர். வாடகைக்கு இருப்பவருக்கு விலையேற்றம் என்றால் வாடகையேற்றம், அதாவது வெளியேற்றம். சொந்த வீட்டில் வாழும் முதியவருக்கோ, பல ஊர்களில், மதிப்போடு வரியும் ஏறுகிறது, ஓய்வூதியம் ஏறுவதில்லை. வாஷிங்டன் நகரில் 1970இல் நூற்றுக்கு 71 பேர் கறுப்பின மக்கள். 2011இல் அவர்கள் பாதிக்கும் குறைந்தனர். போர் நடக்கவில்லை, பூகம்பம் வரவில்லை, புள்ளிவிவரம் மட்டும் மாறிற்று! ஓசையின்றி ஊர் காலியாவது பேய்க்கதை அன்றி வேறென்ன?

* * *

இனி முதற்கேள்வி. பேயைக் காட்டலாமா?

பேய்க்கதையில் இரண்டு வகை உண்டு. துன்பத்தின் காரணத்தை மறைக்கும் பேய் ஒன்று. காரணத்தைக் காட்டும் பேய் மற்றொன்று. கிணறு வற்றியதற்கும் குழந்தை மாண்டதற்கும் பேயைக் காரணம் சொன்னால், மருத்துவனைத் தேட வேண்டியவன் மந்திரவாதியைத் தேடுகிறான். அது மறைக்கும் பேய். அதற்கு நாம் என்றும் பகை. ஜாம்பி என்ற நடைப்பிணத்தின் கதையை எண்ணிப் பாருங்கள். ஹைட்டி நாட்டின் அடிமைகளிடையே வளர்ந்த அச்சம் அது. கரும்புத் தோட்டத்தில் உழைத்து உழைத்து உருக்குலைந்த மனிதனுக்குச் சாவு ஒன்றுதான் விடுதலை. செத்த பின்னும் உடல் எழுந்து எசமானனுக்கு உழைக்க நேர்ந்தால்? இந்த ஒரு கற்பனைக்குள் அடிமை முறையின் கொடுமை முழுவதும் அடங்கிவிட்டது. அமெரிக்கப் படை 1915 முதல் 1934 வரை அந்நாட்டைப் பிடித்திருந்தபோது அக்கதை அமெரிக்கா சென்றது. 1932இல் 'ஒயிட் ஜாம்பி' என்ற படமாயிற்று. அடிமையின் துயரம் பின்னே போயிற்று, பூச்சாண்டியே முன்னே நின்றது! காட்டும் பேயை மறைக்கும் பேயாக மாற்றினர் வணிகர்.

ஆகவே சோதனைக்கல் இதுதான்: படம் முடிந்ததும் பார்ப்பவன் எதைத் தேடுவான்? தாயத்தையா, நிலப்பத்திரத்தையா? தாயத்தைத் தேடினால் படம் பழுது. நிலப்பத்திரத்தைத் தேடினால், பேயை நம்பாத நாமும் கை தட்டலாம்.

2020இல் வெளிவந்த 'வேம்பயர்ஸ் வெர்சஸ் தி பிராங்ஸ்' என்ற படத்தில், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் வீடு கடைகளை வாங்கிக் குவிக்கும் நிறுவனத்தின் பின்னே இரத்தக்காட்டேரிகள் இருக்கின்றன. அழைக்காமல் காட்டேரி ஒரு வீட்டுக்குள் நுழையாது என்பது காட்டேரிக் கதைகளில் வரும் வழக்கம். எண்ணிப் பாருங்கள்: காட்டேரிக்கு இருக்கும் பண்பு கூட வாடகையை ஏற்றுவோனுக்கு இல்லை! அவன் அழைப்புக்காகக் காத்திருப்பதில்லை. இந்த ஒப்பீட்டைச் செய்தவுடனே சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் சிந்தனை வருகிறது.

* * *

இரண்டாவது கேள்வி, சிரிப்பு. இதற்கு விடை தேடுவோர் வரலாற்றைப் புரட்டியாக வேண்டும்.

பேயையும் சிரிப்பையும் கலப்பது புதுமையன்று. 1940இல் வந்த 'தி கோஸ்ட் பிரேக்கர்ஸ்' படத்தில் வில்லி பெஸ்ட்டும், 1941இல் வந்த 'கிங் ஆஃப் தி ஜாம்பிஸ்' படத்தில் மான்டன் மோர்லண்டும் நடித்தனர். திறமைமிக்க நடிகர்கள். தரப்பட்ட வேடமோ, வேலைக்காரன்! பேயைக் கண்டு விழி பிதுங்கி வெடவெடக்க வேண்டும். வெள்ளைக்கார வீரன் துணிவோடு நிற்க வேண்டும். கொட்டகை சிரிக்க வேண்டும். அச்சம் கறுப்பு மனிதனுக்கு. சிரிப்பு வெள்ளை மனிதனுக்கு. பங்கீடு அப்படி! அந்தச் சிரிப்பை நாம் ஏற்கமாட்டோம். அது இழிவுபடுத்துவோர் சிரிப்பு.

1983இல் எடி மர்ஃபி என்ற கறுப்பின நகைச்சுவையாளர் மேடையேறி அந்தப் பங்கீட்டைத் தலைகீழாக்கினார். பேய் பிடித்த வீடு என்று தெரிந்தும் படத்தில் வரும் வெள்ளைக்காரக் குடும்பம் வெளியேறாமல் இருப்பதேன் என்று கேட்டார். வெளியே போ என்று பேய் சொன்னால், தாம் அந்நொடியே புறப்பட்டுவிடப் போவதாகக் கூறினார். அஞ்சுவது கோழைத்தனமன்று, அறிவு என்றாயிற்று! 2017இல் ஜோர்டன் பீல் இயக்கிய 'கெட் அவுட்' படம், இன்முகம் காட்டும் வெள்ளையர் இல்லத்தில் ஒளிந்திருக்கும் கொடுமையைத் திகிலும் நகைப்புமாகக் காட்டிற்று. அதன் எழுத்துக்கு 2018இல் ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

வெளியே போ என்று பேய் சொல்லவில்லை, உயிருள்ள மனிதர் சொல்கின்றனர், அதுவும் முத்திரையிட்ட தாளில் சொல்கின்றனர் என்றால், போவது எங்கே? குறும்படம் எடுக்கும் இளைஞர் நிற்கும் இடம் இதுவே.

வாஷிங்டன் நகரின் ஷா பகுதியில் ஒரு கைப்பேசிக் கடை. அந்நகரின் கறுப்பின மக்கள் படைத்த கோ-கோ இசை ஆண்டுக்கணக்காக அதன் ஒலிபெருக்கியில் தெருவெல்லாம் கேட்கும். 2019இல், புதிதாக எழுந்த சொகுசுக் குடியிருப்பிலிருந்து புகார் போயிற்று, இசை நின்றது. இசை ஒலித்த ஊருக்குத் தாமாகவே வந்து, ஊரே வாய் மூடு என்பதா! மக்கள் திரண்டனர், தெருவிலேயே இசைத்தனர், ஆடினர். சில நாட்களில் இசை மீண்டது. மறு ஆண்டு, கோ-கோ அந்நகரின் அதிகாரப்பூர்வ இசையெனச் சட்டமும் வந்தது. இந்த நிகழ்ச்சியில் நகைப்பு எது, நடுக்கம் எது என்று பிரித்துக் காட்ட எவரால் இயலும்? வாழ்வே அப்படிக் கலந்து கிடக்கும்போது, படம் மட்டும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

நொந்தவன் தன் நோவைக் கண்டு தானே சிரிப்பதற்கும், நோகடித்தவன் சிரிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முன்னது துணிவு, பின்னது துடுக்கு.

* * *

மூன்றாவது கேள்வியே கடினமானது, மழுப்பாமல் சந்திப்போம். எடுப்பவர் யார்?

தெருவை மாற்றுவோரில் முதலில் வருபவர் பலவேளை பணக்காரரல்லர். குறைந்த வாடகை தேடி வரும் கலைஞர். ஓவியன் வருகிறான், பின்னே ஓவியக் கூடம், காப்பிக் கடை, தரகன். படக்கருவியோடு வரும் இளைஞனும் அந்த வரிசையில் ஒருவன் ஆகக்கூடுமே! தெருவின் அழகைப் படத்தில் காட்டுவான். அழகைக் கண்டு வாங்குவோர் வருவர். அப்போது காட்டேரி யார்?

இந்த உண்மையை மறைக்காத படமும் உண்டு. சிகாகோவின் கேப்ரினி-கிரீன் அரசுக் குடியிருப்பில் நிகழும் 'கேண்டிமேன்' 1992இல் வந்தது. அக்குடியிருப்பின் கடைசி அடுக்குமாடி 2011இல் இடிக்கப்பட்டது. 2021இல் நியா டகோஸ்டா அக்கதையை மீண்டும் எடுத்தபோது, கதைநாயகன் ஒரு கறுப்பின ஓவியன். புதுப் பளபளப்பு மாளிகையில் வாழ்கிறான். பழைய மக்களின் துயரத்தைத் தன் ஓவியத்துக்குப் பொருளாக்குகிறான். நிறம் ஒன்று என்பதாலேயே நியாயம் ஒன்றாகிவிடாது என்று குத்திக் காட்டுகிறது அப்படம்.

அப்படியானால் படமே எடுக்க வேண்டாமா? அப்படிச் சொல்லோம். எடுக்கும் முறை ஒன்று உண்டு. சார்லஸ் பர்னெட் என்பவர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில், தாம் வளர்ந்த மக்களையே நடிகராக்கி, வார இறுதி நாட்களில், 10,000 டாலருக்கும் குறைந்த செலவில் 'கில்லர் ஆஃப் ஷீப்' என்ற படத்தை எடுத்து, 1977இல் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அளித்தார். பாடல்களின் உரிமைக்குப் பணமில்லாமல் 2007 வரை அப்படம் திரையரங்கை முறையாக எட்டவில்லை. முப்பது ஆண்டு! ஆனால் அவர் அம்மக்களைப் பார்வைப் பொருளாக்கவில்லை, பங்காளிகளாக்கினார்.

அதுவே அளவுகோல். பாட்டியின் வீட்டில் படம் எடுத்தால் பாட்டிக்கு வாடகை உண்டா? தெருப் பையன் ஒலிக்கருவி பிடித்தால் கூலி உண்டா, பெயர் உண்டா? முதற்காட்சி தொலைதூர விழாவிலா, அத்தெருவின் பள்ளிக்கூட மண்டபத்திலா? யார் முன் சிரிக்கத் துணிகிறோமோ அவரே கலையின் நீதிபதி. வீடிழந்தவர் முன்வரிசையில் அமர்ந்து சிரித்தால் அப்படம் அறவழிப்பட்டது. அவர் தலைகுனிய, மற்றவர் மட்டும் சிரித்தால், ஆயிரம் பரிசு பெற்றாலும் அது பழைய வேலைக்காரன் வேடமே.

இன்னொன்றும் சொல்வோம். புதிதாகக் குடிவரும் குடும்பத்தையே கோரைப்பல் பேயாக்குவது எளிது, ஆனால் நேர்மையன்று. அவருள்ளும் மாதச் சம்பளத்துக்கு ஏற்ற வீடு தேடி அலைந்து வந்தோர் உண்டு. சிவப்புக் கோட்டை அவர் வரையவில்லை. மனிதனை மன்னித்து முறையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் படமே அறிவுப்படம். ஆனால், "எனக்கொன்றும் தெரியாது" என்று கூறி அவர் தப்பவும் விடக்கூடாது. வந்தவர், இருந்தவரின் இசையை நிறுத்தாதிருக்கலாம். வாடகைச் சட்டம் கேட்டு அவரோடு நிற்கலாம்.

* * *

படம் எடுத்தால் வெளியேற்றம் நின்றுவிடுமா? நில்லாது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் எந்தக் கொட்டகையிலும் பிறக்கவில்லை. வீதியில் நடந்த கால்களால் பிறந்தது. ஆனால் வீதிக்கு வருமுன் மனிதன் ஒரு மூடநம்பிக்கையை விட்டாக வேண்டும். அது பேய் பற்றிய நம்பிக்கையன்று. "விலை ஏறுகிறது, என்ன செய்வது? மழை பெய்வது போல, வெயில் அடிப்பது போல, அது இயற்கை" என்ற நம்பிக்கை! வரைபடத்தில் சிவப்பு மை பூசிய கையை மறந்து, சந்தையைத் தெய்வமாக்கி, வெளியேற்றத்தை விதியாக்கும் நம்பிக்கை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவன் தனியே அமர்ந்து, "என் கெட்ட காலம்" என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். அவர்களை ஓர் இருட்டறையில் ஒன்றாக அமர்த்தி, ஒரே நொடியில் நடுங்கவும் ஒரே நொடியில் சிரிக்கவும் வைக்கிறது அந்தப் பதினைந்து நிமிடம். எல்லோரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள் என்றால், எல்லோருக்கும் ஒரே உண்மை தெரிந்திருக்கிறது என்று பொருள். தன் கெட்ட காலம் என்று நினைத்தது தெருவின் கணக்கு என்று அப்போது விளங்குகிறது.

பேயை ஓட்டுபவர் நாம், தோழர்களே! ஓட்ட வேண்டிய பேய் எது என்று காட்டுவதற்கு, ஒரு பொய்ப் பேயை நடிக்க வைக்கும் இளைஞரை நாம் பகைக்க வேண்டியதில்லை. படம் முடிந்ததும் விளக்கு எரியட்டும். பேய்வேடம் கலையட்டும். நிலப்பத்திரத்தில் யார் பெயர், அது அங்கு வந்தது எப்படி என்று எழுந்து கேட்கட்டும் மக்கள்.