திரிவுக் காட்சியும் பழியும்

ஒருவன் தன் உணர்வை மெய்யென்றே நம்பி, அதன்வழி நடந்து பிறர்க்குக் கேடு விளைப்பானாயின், அவனைப் பழித்தல் தகுமோ? அவன் பொய் சொன்னவனல்லன், தீங்கு கருதினவனுமல்லன். இவ்வினாவைக் கயிற்றரவு, இப்பிவெள்ளி முதலிய எடுத்துக்காட்டுக்களைக் கொண்டு ஆராய்தல் எளிது; அவற்றால் எவரும் இறப்பதில்லை. ஆதலின் ஈண்டு உண்மையில் நிகழ்ந்ததொன்றை எடுத்துக்கொள்வாம்.

1999ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் இரவு, அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த கென்னடியின் மகனார் இளைய ஜான் கென்னடி, ஒற்றைப் பொறியுடைய பைப்பர் சரட்டோகா என்னுஞ் சிறு விமானத்தைத் தாமே ஓட்டி, மனைவியாரையும் அவர்தம் தமக்கையாரையும் உடன்கொண்டு, நியூ ஜெர்சியினின்றும் மார்த்தாஸ் வின்யார்டு தீவுக்குச் சென்றார். இறங்குதற்பொருட்டுத் தாழ்ந்து வருகையில், தீவின் மேற்கு முனைக்கு ஏறத்தாழ 7½ மைல் தொலைவில் விமானம் கடலில் வீழ்ந்தது, மூவரும் மாண்டனர். அரசினர் ஆராய்ச்சியில் பொறியிற் பழுதொன்றும் புலப்படவில்லை. இருளும் மங்கலும் சூழ்ந்த கடல்மேல் ஓட்டுநர்க்கு நிலையுணர்வு திரிந்தமையே காரணமென 2000ஆம் ஆண்டு முடிவு கூறினர்.

அத்திரிபு யாங்ஙனம் நிகழுமெனின், கூறுதும். நம் உட்செவியில் வளைந்த குழல்கள் 3 உள. உடல் திரும்புங்கால் அவற்றினுள்ளிருக்கும் நீர் பின்தங்கித் திரும்புதலை உணர்த்தும். அத்திரும்புதல் ஒரே சீராய்ச் சிறிதுநேரம் நீடிக்குமாயின், நீரும் உடனோடத் தொடங்க, உணர்ச்சி அற்றுப்போம். விமானம் ஒருபுறஞ் சாய்ந்து வட்டமிட்டு வீழ்ந்துகொண்டிருப்பினும், உள்ளிருப்பான் நேரே செல்வதாகவே உணர்வன். வீழ்ச்சியைக் கண்டு, சாய்வை நிமிர்த்தாது முகப்பை மாத்திரம் உயர்த்த முயல்வானாயின், வட்டம் இன்னும் இறுகும். கடலும் வானுங் கூடும் விளிம்பு கட்புலனாயின் மயக்கம் தெளியும். அவ்விரவில் அதற்கும் வழியில்லை. முன்னிருக்குங் கருவியோ உண்மையைக் காட்டிக்கொண்டேயிருக்கும். உடம்பு முழுவதும் 'நேர்' என்ன, ஒரு சிறு வட்டில் 'சாய்வு' என்னும்! தன் உடம்பை மறுத்து வட்டிலை நம்புதற்கு நெடும்பயிற்சி வேண்டும். கருவிகளையே நம்பி ஓட்டுதற்குரிய தகுதிச்சான்றைக் கென்னடியார் பெற்றிலர்.

சித்தியாரின் சுபக்கம் முகப்பிலேயே அளவையை வைத்து, குற்றமற்ற காட்சியினின்றும் ஐயத்தையும் திரிவையும் பிரித்தது வெறும் ஏட்டுவேலையன்று. ஐயமுற்றவன் நின்று மறுபடி நோக்குவன். திரிபுற்றவனுக்கோ நோக்கவேண்டுமென்னும் எண்ணமே எழாது. ஆதலின் அக்கணத்துப் பிழைக்காக அவரைப் பழித்தல் நேர்மையன்றென்பது எம் கருத்து.

அற்றேல் பழி எங்குமே இல்லையோவெனின், அங்ஙனமன்று. நிலத்தில் நின்றபொழுது அவர்க்குத் திரிபில்லை. உடன்வருவதாகக் கூறிய பயிற்றாசிரியர் ஒருவர்க்கு, தனியே ஓட்ட விரும்புவதாக அவர் விடையிறுத்தனர். சட்டம் அப்பயணத்தைத் தடுத்ததில்லை, மெய்தான். ஆயினும் தன் புலன் தன்னைக் கைவிடும் இடம் எதுவென அறிந்துகொள்ளுதல், பிறருயிரையும் ஏற்றிச்செல்வார்க்குச் சட்டத்தின் வேறாய கடனென்க.

'எல்லாம் அவரவர் வினை' என்று இதனை முடித்துவிடுவாருமுளர். வினையுண்மையை யாம் மறுக்கின்றிலேம். தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு அச்சொல் துணையாம். அவரை நம்பி ஏறிய அவ்விரு சகோதரியர்பால் அதனைச் சொல்லி அமைவதோ, ஓட்டினவர் புறப்படுமுன் செய்த தெரிவைப்பற்றி வினவாமல் விடுதற்கே பயன்படும்.