மூன்று வாய், ஐந்து குழாய்

என் பழைய ஜிப்ஸிக்கு வெளியில் வாங்கிய இன்டேக் மேனிஃபோல்ட் ஒன்றைப் பூட்டினோம். அலுமினிய வார்ப்பு, கம்பெனி கொடுத்ததைவிட அகலமான வயிறு. பட்டறை மேசையில் வைத்துப் பார்க்கவே அழகாக இருந்தது. பழையதைக் கழற்றிய பிறகுதான் மெக்கானிக் அண்ணன் எண்ண ஆரம்பித்தார். தொங்கிக்கொண்டிருந்த ரப்பர் குழாய்கள் ஐந்து. புதியதில் அவற்றைச் செருக இருந்த வாய்கள் மூன்று.

"ரெண்ட விட்ருவோம் தம்பி" என்றார்.

எந்த இரண்டை என்று நான் கேட்கவில்லை.

பெட்ரோல் இன்ஜின் ஓடும்போது பிஸ்டன்கள் காற்றைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. திராட்டில் தட்டு வழியை மறிக்கிறது. நடுவில் அகப்பட்ட மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் குறைகிறது. அதைத்தான் பட்டறையில் வேக்குவம் என்கிறோம். அது இழுக்கிறது என்பது பேச்சு வழக்குதான், உண்மையில் வெளியே இருக்கும் காற்றுதான் தள்ளுகிறது. 1648இல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு பிரான்சின் பூய் த டோம் மலைமேல் ஏறினார். ஏற ஏறப் பாதரசம் இறங்கியது. மேலே தள்ளுவதற்குக் காற்று குறைவு. நம்ம ஊரிலும் அதே கணக்குதான். 1,000 அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். திண்டுக்கல்லில் ஐடிலிங்கில் 18, 19 அங்குலம் காட்டும் இன்ஜின், 7,000 அடி உயரக் கொடைக்கானலில் 12, 13தான் காட்டும்.

பிரேக் பூஸ்டர் இந்த வேக்குவத்தை நம்பித்தான் நம் காலுக்குக் கைகொடுக்கிறது. அதனால் அந்தக் குழாயில் அண்ணன் காட்டிய கறார் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இருந்ததிலேயே பெரிய வாயை அதற்கு ஒதுக்கினார். அது நான்கு சிலிண்டருக்கும் பொதுவான வயிற்றில் இருக்கிறதா, ஒரு சிலிண்டருக்குப் போகும் கிளையில் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். கையில் கிடைத்த மெல்லிய ஹோஸை நான் நீட்டியபோது தட்டிவிட்டார். "உறிஞ்சுறப்ப சப்பிப்போயிரும்டா, வெளிய பாத்தா தெரியாது." நூல் பின்னிய தடித்த ஹோஸ் ஒன்றைக் கடைவீதி முழுக்க அலைந்து வாங்கி வந்தார். ஒன்வே வால்வின் அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தார். இன்ஜினை அணைத்து, பெடல் கட்டியாகும்வரை மிதித்து, மிதித்த காலை எடுக்காமலே ஸ்டார்ட் பண்ணினார். பெடல் ஒரு விரலளவு கீழே இறங்கியதும்தான் முகத்தில் சிரிப்பு வந்தது. "கொடைக்கானல்ல இருந்து எறங்குறப்ப ஒன் உசுரு இதுலதான் தொங்குது."

மற்ற இரண்டு வாய்களில் ஒன்று அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போனது, இன்னொன்று பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டருக்கு. அவற்றைக் கோட்டைவிட்டால் இன்ஜினே கத்திச் சொல்லிவிடும். மிச்சமிருந்தவை கிராங்க் கேஸ் புகையை இன்ஜினுக்கே திருப்பிவிடும் குழாயும் கரி டப்பாவின் குழாயும். முதலாவதைத் தரையைப் பார்க்கத் தொங்கவிட்டார். இரண்டாவதில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டார். "இது ரெண்டும் இல்லாட்டியும் வண்டி ஓடும்." ஓடியது. முன்னைவிட நன்றாகவே ஓடியது.

சில வாரம் கழித்து எதிர் வீட்டு அக்கா கேட்டார். "தம்பி, ஒன் வண்டில பெட்ரோல் ஒழுகுதா? சன்னலத் தொறக்க முடியல. சின்னவ தல வலிக்குதுங்கறா."

"ஒழுகலையேக்கா" என்றேன்.

அது உண்மை. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்கில் பெட்ரோல் ஆவியாகும். திண்டுக்கல் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது வேக்குவம் வழியாக அது இன்ஜினுக்குப் போய் எரிந்து தீரும். போகும் வழியை அடைத்தால் கரி நிரம்பும், நிரம்பிய பிறகு டப்பாவின் மூச்சுத்துளை வழியே ஆவி சந்துக்குள் வரும். பெட்ரோலில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் இருக்கிறது. 1 சதவீதம்வரை அனுமதி. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் 'ஒழுகலையேக்கா' என்றேன். பொய் சொல்லாமல் ஏமாற்றுவதற்கு வசதியாகக் கேள்வியை அவரே அமைத்துக் கொடுத்திருந்தார்.

அண்ணனை யோக்கியமில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. பிரேக்கில் அவர் காட்டியதைவிடப் பெரிய அக்கறையை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. அந்த அக்கறை வாடிக்கையாளனோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான். பிரேக் குழாயில் தப்பு செய்தால் தண்டனை முதல் வளைவிலேயே எனக்குக் கிடைக்கும். கரி டப்பாவில் தப்பு செய்தால் எதிர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும். அந்த மேனிஃபோல்ட் பந்தய ஓட்டத்தை மனதில் வைத்து வார்த்தது. பந்தயத் தடத்தில் எதிர் வீடு கிடையாது. மூன்று வாய் வைத்தவர் அதற்குத் தேவையானதைச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்.

சட்டமும் இதைக் கண்டுகொள்வதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புகைச் சோதனையில் குழலைப் புகைபோக்கிக்குள்தான் விடுகிறார்கள். கரி டப்பா பக்கம் யாரும் போவதில்லை. சான்றிதழ் கிடைத்தது. (மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் வைத்துப் பார்த்தால் இப்படி வண்டியை மாற்றுவதே கூடாது. அது இன்னொரு வழக்கு.)

நாலுவழிச் சாலையில் இத்தனை லாரி ஓடும் ஊரில் என் டப்பா ஒரு கணக்கா? டெரக் பார்ஃபிட் 1984இல் எழுதிய 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில், ஒவ்வொருவர் செய்வதும் கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதால் அது தப்பில்லை என்றாகிவிடாது என்று வாதாடுகிறார். நல்ல வாதம். ஆனால் என் விஷயத்தில் அவரைக் கூப்பிடும் அளவுக்குச் சிக்கலே இல்லை. பக்கத்து மூக்குக்கு நன்றாகவே தெரிந்தது. 'சின்ன அளவு' என்பது நான் நின்ற இடத்திலிருந்து அளந்தது.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதுசும் இல்லை. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1996 ஆகஸ்டில் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஐந்தில் திண்டுக்கல்லும் ஒன்று. அந்த முதலாளிகளைப் பற்றி டீக்கடையில் ஆவேசமாகப் பேசியவன் நான். அவர்களும் குழாயின் இந்த முனையில்தான் நின்றிருந்தார்கள்.

திரும்பப் பட்டறைக்குப் போனேன். அண்ணனுக்குக் கோபம். "ஓடுற வண்டியப் பிரிக்கச் சொல்ற." துளையிடும்போது அலுமினியத் தூள் ஒன்று உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் கெட்டுவிடும், அதனால் மேனிஃபோல்டை முழுசாகக் கழற்றித்தான் ஆக வேண்டும். பொதுவயிற்றில் இரண்டு துளை போட்டு, மரை வெட்டி, நிப்பிள் முறுக்கினோம். கிராங்க் கேஸ் குழாயில் அதன் வால்வு வேலை செய்கிறதா என்று அவரே குலுக்கிப் பார்த்தார். போல்ட்டைப் பிடுங்கினேன். நிரம்பிப்போன டப்பாவை மாற்றினோம். ஒரு நாள் கூலி, புது கேஸ்கெட் காசு. வண்டி ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதைக் கேட்டு அண்ணன் சிரித்தார். "அப்புறம் எதுக்குடா?"

வாசம் நின்றுவிட்டது. ஏன் வந்தது, ஏன் நின்றது என்று அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், பழக்கத்தில், அவர் எழுந்து வந்து சன்னலைச் சாத்துகிறார்.