பலகை மாட்டுவது யார், பழுது பார்ப்பது யார்?

கொல்கத்தாவின் துறைமுகப் பகுதியான கிடர்பூருக்கு ‘கவிதீர்த்தம்’ என்றொரு பெயரும் உண்டு. ரங்கலால் பந்தோபாத்யாய், ஹேமசந்திர பந்தோபாத்யாய், மைக்கேல் மதுசூதன் தத் என்று 19-ஆம் நூற்றாண்டு வங்கக் கவிஞர்கள் மூவர் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். மதுசூதன் சென்னைக்கும் பழகியவர்தான். 1848-இல் மதராஸுக்கு வந்தவர் பள்ளி ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் எட்டு ஆண்டுகள் பிழைத்தார். அவருடைய ஆங்கிலக் கவிதை நூல் 1849-இல் இங்கேதான் அச்சேறியது. 1856-இல் ஊர் திரும்பியபோது தந்தை உயிருடன் இல்லை. குடும்பச் சொத்து உறவினர் கைக்குப் போயிருந்தது.

அந்தக் குடும்பம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வீடு, இன்று கார்ல் மார்க்ஸ் சரணி எனப்படும் சாலையில் இருக்கிறது. அதன் மீதான தகராறு மட்டும் ஓயவில்லை. மாநகராட்சி அதைப் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. கவிஞர் இந்த வீட்டில்தான் இருந்தார் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று உரிமையாளர் தரப்பு கேட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் ஏறியது.

அந்தக் கேள்வியைக் கேட்பவரை உடனே பணத்தாசை பிடித்தவர் என்று சொல்லிவிடுவது எளிது, நியாயமில்லை. தன் சொந்த வீட்டை இடிக்கக் கூடாது, மாற்றக் கூடாது என்று ஒருவரிடம் சொல்லும் அரசு, அதற்கான காரணத்தைப் பத்திரங்களோடு காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. செவிவழிச் செய்தி ஊர்ப்பெருமைக்குப் போதும். ஒருவரின் உரிமையைக் கட்டிப்போடப் போதாது. ஆதாரம் தேடுவது செலவு பிடிக்கிற வேலை. பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதற்கோ செலவே இல்லை.

சிக்கலின் வேர் அங்கேதான். பாரம்பரியம் என்று அறிவிப்பது ஊர். ஒழுகும் கூரைக்குக் கணக்குப் பார்ப்பதும், சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைவதும், பழைய வாடகையே தந்துகொண்டிருக்கும் குடித்தனக்காரரோடு மல்லுக்கட்டுவதும் ஒரே ஒரு குடும்பம். சொத்து வரிச் சலுகைக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த மனையில் அடுக்குமாடி எழுப்பினால் கிடைக்கும் தொகைக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

இதற்காக உரிமையாளர் பக்கமே முழுவதுமாகச் சாய்ந்துவிடவும் முடியாது. கிடர்பூரில் ஒரு மனைக்கு இன்று விலை இருக்கிறதென்றால் அதை ஏற்றியது யார்? 1892-இல் திறந்த கப்பல்துறை, 1902 மார்ச்சில் எஸ்பிளனேடிலிருந்து இங்கே ஓடிய நகரின் முதல் மின்சார டிராம், இப்போது தோண்டப்படும் மெட்ரோ சுரங்கம் எல்லாம் பொதுவின் உழைப்பு, பொதுவின் முதல். ஊர் ஏற்றிக் கொடுத்த விலையில் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அறத்துக்குப் புறம்பான வாதம் அல்ல. பங்கு கேட்பதற்கும் பாரம் முழுவதையும் ஒருவர் தலையில் இறக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் கொல்கத்தாவின் நடைமுறை மழுப்பிவிடுகிறது.

விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. லிட்டில் ரஸல் தெருவின் பழைய கெனில்வொர்த் ஹோட்டல் பாரம்பரியப் பட்டியலில் தரம் இறக்கப்பட்டு, 2018-இல் இடிக்கப்பட்டது. கடைசித் தரமான மூன்றாம் தரத்துக்கு ஒரு கட்டடத்தைத் தள்ளிவிட்டால் இடிக்க வழி பிறந்துவிடும். நினைவுப் பலகை ஒன்று வைத்தால் போதும். பாதுகாக்கும் சட்டமே இடிப்புக்குப் பின்வாசலும் வைத்திருப்பது விசித்திரம்தான்.

வேறு வழி இல்லாமல் இல்லை. நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட உரிமையாளருக்குத் தடை விதிக்கப்பட்டது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்றது. நிலையம் இருந்தபடியே வருமானம் தரும், மேலே கட்டும் உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்தது. மும்பை 1995-இலேயே தன் பாரம்பரிய விதிகளில் இந்த மாற்று உரிமையைச் சேர்த்தது. எழுத்தாளர் அமித் சௌதுரியும் நண்பர்களும் 2015-இல் தொடங்கிய இயக்கம் கொல்கத்தாவுக்கும் இதைத்தான் கேட்டது. கூடவே, ஒற்றைக் கட்டடத்தை அல்ல, தெருவையும் பேட்டையையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்றது.

பேட்டையைக் காப்பதிலும் ஒரு முள் இருக்கிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளைக் காத்ததில் பெரும்பங்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உண்டு. 1997-இல் அது ரத்தாகி, 2000-இல் முற்றிலும் விலகியதும் தலைமுறைகளாக அங்கே இருந்த பலர் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. சுவர்கள் நின்றன, உள்ளே இருந்தவர்கள் மாறிவிட்டார்கள். எனவே கட்டுரிமையை மாற்றித் தரும்போது, குடித்தனக்காரரின் இருப்புக்கும் அதே ஆணையில் இடம் இருந்தாக வேண்டும்.

யாருடைய நினைவு காக்கத் தகுந்தது என்ற கேள்வியும் கிடர்பூரில் வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. இங்குள்ள பூகைலாஷில் 1781-இல் கோஷால் ஜமீன் எழுப்பிய இரட்டைச் சிவாலயங்களில் பூசை நடக்கிறது; புழக்கமே அவற்றுக்குக் காவல். ஹூக்ளிக் கரையிலிருந்து 1834 தொடங்கி மொரீஷியஸுக்கும் கயானாவுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் மாளிகை விட்டுப் போகவில்லை. 1873 பிப்ரவரியில் இங்கிருந்து சுரினாமுக்குப் புறப்பட்ட ‘லல்லா ரூக்’ கப்பல் பயணிகளின் நினைவாக, 2015-இல் கொல்கத்தாவின் சுரினாம் படித்துறையில் ஒரு தம்பதியின் சிலையை வைத்தார்கள். கவிஞர் வீட்டுக்காக நீதிமன்றம் ஏறும் மாநகராட்சி, கிடங்கும் கூலி லைனும் மாலுமி விடுதியும் இருந்த தெருக்களை வார்டு வாரியாக ஆவணப்படுத்த முனைந்தால், அந்தப் பட்டியலில் உரிமையாளர் பெயரே இல்லாத கட்டடங்கள் நிறைய வரும். அவற்றுக்காக வழக்குப் போட யாரும் வர மாட்டார்கள். காப்பாற்றச் சொல்லவும் வர மாட்டார்கள்.